30 மாட்டுச் சாணத்தை ஒன்றேகால் ஏக்கர் தாங்குமா?

கேள்வி: மார்த்தாண்டத்துக்குப் பக்கம் எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் விளை (மேட்டுத் தோட்டம்) இருக்கிறது. தென்னையும் கொஞ்சம் ரப்பரும் நிற்கின்றன. 18 வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். 30 எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பின மாடுகள், கறவை இயந்திரம் என்று பண்ணை போடத் திட்டம். கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போகும் என்று அடுத்த விளைக்காரர் சண்டைக்கு வருகிறார். கல்லூரியில் படிக்கும் மகள், "ஆண் கன்னுக்குட்டிய எல்லாம் என்னப்பா செய்வீங்க?" என்கிறாள். இருவருக்கும் என்ன பதில் சொல்ல?

பதில்: இரண்டுமே நல்ல கேள்விகள். கடன் கொடுக்கும் வங்கி இந்த இரண்டையும் கேட்காது என்பதால் இன்னும் நல்ல கேள்விகள்.

அடுத்த விளைக்காரரை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு கலப்பினக் கறவை மாடு நாளுக்குச் சுமார் 20 கிலோ சாணம், 15 லிட்டர் மூத்திரம் போடும். 30 மாட்டுக்கு 600 கிலோவும் 450 லிட்டரும். தொழுவம் கழுவும் தண்ணீரைச் சேர்த்தால் தினமும் இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் போகும். அது எங்கே போகும்? உங்கள் பக்கத்து நில அமைப்பு உங்களுக்கே தெரியும். மேலே விளை, கீழே ஏலா என்கிற வயல், நடுவில் கிணறுகள். ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. திறந்த சாணக்குழி வருடத்துக்கு இரண்டு தடவை நிரம்பி வழியும். சாணமும் மூத்திரமும் மக்கிச் செம்மண் வழியே இறங்கும் நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது அந்தத் தண்ணீரில் கரைத்த புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை; ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாயும்.

நீங்கள் வாங்க நினைக்கும் கறுப்பு வெள்ளை மாட்டின் பூர்வீகம் நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்து பக்கம். அந்த மாட்டை உருவாக்கிய நாடே இன்று அதன் சாணத்தால் திணறுகிறது. 2019-இல் அங்குள்ள உயர் நிர்வாக நீதிமன்றம் நைட்ரஜன் அனுமதித் திட்டமே செல்லாது என்றது. விவசாயிகள் டிராக்டரோடு சாலையை மறித்தார்கள். அரசு பணம் கொடுத்துப் பண்ணைகளை மூடவைக்கும் நிலை வந்தது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் 2011 கணக்குப்படியே சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு பேர். நெதர்லாந்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நெரிசல்.

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 170 கிலோ நைட்ரஜனுக்கு மேல் சாணமாகக் கொட்டக் கூடாது. ஒரு மாடு ஆண்டுக்கு 50 கிலோவுக்கு மேல் வெளியேற்றும். அந்த விதியை அப்படியே வைத்தால் உங்கள் நிலம் இரண்டு மாட்டைக்கூடத் தாங்காது. அவ்வளவு இறுக்க வேண்டாம். நமக்கு வருடம் முழுவதும் புல் வளரும். வளரும் புல் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும். ஐந்து, மிஞ்சினால் ஆறு மாடு என்பது என் கணக்கு.

தீவனத்தைப் பார்த்தாலும் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்போம். கோ-5 கம்பு நேப்பியர் தீவனப்புல் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 360 டன் வரும் என்பது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு. அது வெயிலும் தண்ணீரும் தாராளமாகக் கிடைக்கும் நிலத்தில். மாட்டுக்கு 25 கிலோ பசும்புல் என்றால் 30 மாட்டுக்கு அப்படிப்பட்ட நிலம் இரண்டு ஏக்கர் வேண்டும். உங்களிடம் இருப்பது மரநிழல். மிச்சத்துக்கு வைக்கோலும் சோளமும் புண்ணாக்கும் லாரியில் வெளியூரிலிருந்து வரும். இந்தச் சிக்கலின் முடிச்சே அதுதான். தீவனம் வேறெங்கோ விளைகிறது, சாணம் உங்கள் விளையில் சேர்கிறது. விளைந்த நிலத்துக்கு அது திரும்பிப் போவதில்லை.

மாடு ஏப்பமாக விடும் மீத்தேன் வாயு பற்றியும் சொல்ல வேண்டும். உலக உணவு வேளாண் அமைப்பு 2013-இல் போட்ட கணக்கில், மனிதரால் உண்டாகும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பிலிருந்து. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாடுகளிலிருந்து. பெரிய பண்ணைக்காரர்கள் ஒன்று சொல்வார்கள்: நன்றாகக் கறக்கும் மாட்டில் ஒரு லிட்டர் பாலுக்கு மீத்தேன் குறைவு என்று. அது உண்மைதான். ஆனால் சாணத்தைத் தண்ணீரோடு குழியில் தேக்கினால் காற்றுப்படாமல் அதிலிருந்தே இன்னொரு பங்கு மீத்தேன் கிளம்பும். காய்ந்த சாணத்தில் அது மிகக் குறைவு.

இனி மகளுக்கு. மாடு ஈன்றால்தான் பால். 30 மாடு என்றால் ஆண்டுக்கு 25 கன்று, பாதி காளைக்கன்று. உழவுக்கு டிராக்டர் வந்தது, சினைக்கு ஊசி வந்தது, காளைக்கு வேலையில்லை. கால்நடை மருத்துவராக இருந்தபோது "வயிற்றுப்போக்கால் இறந்தது" என்று நான் பதிவேட்டில் எழுதிய காளைக்கன்றுகளில் பலவற்றுக்கு உண்மையான நோய் பசி. பாலை விற்றுவிட்டார்கள், அவ்வளவுதான். கன்று செத்த பிறகு வைக்கோல் திணித்த தோலைக் காட்டிக் கறப்பார்கள். அதுவும் பலிக்காவிட்டால் ஆக்சிடோசின் ஊசி. மாட்டின் உடம்பைக் கெடுத்துப் பால் சுரக்கவைக்கும் ஊசி 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

பால் வற்றிய மாட்டின் வழியும் நமக்குத் தெரியாததல்ல; கேரள எல்லையில் களியக்காவிளை தாண்டும் லாரிதான். ஒரு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 1978 விதி சொல்கிறது. லாரியை எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் மாட்டிறைச்சிக்கு எதிரானவன் அல்ல, நம் மாவட்டத்தில் பாதி வீடுகளில் அது ஞாயிற்றுக்கிழமைச் சமையல். பால் சுத்தம், கறி பாவம் என்று பிரித்துப் பேசுவதுதான் எனக்குப் பிடிக்காது. இரண்டும் ஒரே தொழில். மகளிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

பாலினம் பிரித்த விந்து ஊசி போட்டால் பத்தில் ஒன்பது கிடாரி பிறக்கும். அப்போதும் பிறக்கும் அந்த ஒரு காளைக்கன்றுக்கு மூன்று மாதப் பாலைச் செலவுக் கணக்கில் எழுதிவிட வேண்டும்.

செய்வதானால் இப்படிச் செய்யுங்கள். ஐந்து மாடு, எச்.எஃப். வேண்டாம், ஜெர்சி கலப்பு. நம் புழுக்கத்தில் எச்.எஃப். மூச்சிரைத்து நிற்கும், பாலும் இறங்கும். பகலில் இரண்டு மூன்று மணி நேரமாவது தென்னைக்கடியில் அவிழ்த்துவிட இடம் ஒதுக்குங்கள். சாணத்தை வழித்து அள்ளிவிட்டுத்தான் தண்ணீர் விட வேண்டும். குழிக்குச் சிமெண்ட் தளமும் மேலே கூரையும் கட்டாயம். ஐந்து மாட்டுச் சாணத்தில் 4 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் ஓடும்; பத்து நாளைக்கு ஒரு சிலிண்டர் மிச்சம் என்று வையுங்கள். கன்னியாகுமரி விவேகானந்தபுரத்தில் விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டத்தார் இந்தத் துறையில் பல வருடம் வேலை செய்தவர்கள், போய்ப் பாருங்கள். கலனிலிருந்து வரும் கரைசல் வாழைக்கும் தென்னைக்கும். மாட்டின் எண்ணிக்கையைக் கூட்டும் எண்ணம் பின்னால் வந்தால், பால்பண்ணைகளுக்கு மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் நெறிமுறை வகுத்திருக்கிறது, அதை வாசித்துவிட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

மாடு வாங்கும் முன்பே உங்கள் கிணற்றுத் தண்ணீரையும் அடுத்த விளைக்காரர் கிணற்றுத் தண்ணீரையும் நைட்ரேட் சோதனைக்குக் கொடுங்கள். செலவு உங்களுடையதாகவே இருக்கட்டும். தேதி போட்ட முடிவின் ஒரு நகலை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மறுபடி எடுப்பேன் என்று சொல்லுங்கள்.