கொதிக்கவைத்தால் போகுமா ஃபுளோரைடு?

கேள்வி: எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். வீட்டில் போர் தண்ணீர்தான். ஒகேனக்கல் தண்ணீர் நாள் விட்டு நாள் நான்கு குடம் கிடைக்கும். அதைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, சமையலுக்குப் போர் தண்ணீரைப் பயன்படுத்துகிறோம். 9 வயது மகனின் முன்பற்களில் பழுப்புக் கோடுகள். பல் மருத்துவர் ஃபுளோரைடு என்கிறார். நன்றாகக் கொதிக்கவைத்தால் போதும் என்கிறார் மாமியார். இளையவளுக்கு ஒன்றரை வயது. என்ன செய்வது?
- ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: உங்கள் மாமியாரின் பழக்கம் நல்ல பழக்கம் அம்மா. காலரா, டைபாய்டு கிருமிகள் கொதியில் சாகும். ஆனால் ஃபுளோரைடு கிருமி அல்ல. பாறையிலிருந்து கரைந்து வரும் உப்பு. தண்ணீர் ஆவியாகப் போகும், அது பாத்திரத்திலேயே நிற்கும். பாதியாகச் சுண்டக் காய்ச்சினால் அதன் அடர்த்தி இரண்டு மடங்காகும்.

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலராக இருந்த காலத்தில் உங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போயிருக்கிறேன். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்தாலே அந்த ஊர்த் தண்ணீர் எப்படி என்று தெரிந்துவிடும். அந்தக் கைகள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. 2013-இல் வந்த ஒகேனக்கல் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ‘ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு’ என்ற சொல் இருக்கிறது. ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடுவதுதான் ஃபுளோரோசிஸ். அந்தக் காவிரித் தண்ணீர் உங்கள் வீட்டுக்கு வருவதே இதற்காகத்தான்.

அதனால் அந்த நான்கு குடத்தைப் பிரித்துக்கொள்ளும் விதத்தை மாற்றுங்கள். உலையில் வைத்த தண்ணீரைச் சோறு குடித்துவிடுகிறது. களி கிண்டவும் குழம்பு வைக்கவும் எத்தனை செம்பு ஊற்றுகிறீர்கள் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவப் போர் தண்ணீர். போதாவிட்டால், முதலில் இளையவளின் பங்கை எடுத்து வையுங்கள். நிலையான முன்பற்களின் எனாமல் முதல் நான்கு ஐந்து ஆண்டுகளில் ஈறுக்குள்ளேயே உருவாகிவிடும். அவளுக்கு இதுதான் அந்தக் காலம்.

மகனின் கோடுகள் எனாமலுக்குள் இருப்பவை. கரித்தூள், செங்கல் தூள் எதைக் கொண்டும் தேய்க்காதீர்கள், பல்தான் தேயும். நிறத்தைச் சரிசெய்யப் பல் மருத்துவரிடம் வழி இருக்கிறது. ஆனால் அவனும் போர் தண்ணீரை நிறுத்த வேண்டும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பிலும் சேர்ந்து மூட்டுகளை இறுக்கிவிடும்.

ஃபுளோரைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. நாக்கும் காட்டிக்கொடுக்காது. டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் முக்கி ‘இது நல்ல தண்ணீர்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது மொத்த உப்பைத்தான் காட்டும். ஃபுளோரைடைத் தனியே சொல்லாது. இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. தருமபுரியில் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. போர் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் புட்டியை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்துக் கொண்டுபோங்கள். கண்ணாடிப் புட்டி வேண்டாம். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அவர்கள் போர் தண்ணீரிலும் ஒரு புட்டி சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.