அக்ரிலிக்: எஸ்டர் இருந்தும் ஏன் சேர்ப்புப் பலபடி?

அக்ரிலிக் எந்த வகைப் பலபடியாதலில் உருவாகிறது என்ற தேர்வுக் கேள்விக்கு விடை, எதையும் வெளியேற்றாமல் சிறு மூலக்கூறுகள் கோத்துக்கொள்ளும் சேர்ப்புப் பலபடியாதல்தான். அக்ரிலிக்கில் எஸ்டர் தொகுதி (–COO–) இருப்பதால் 'குறுக்கம்' (நீர் போன்ற சிறு மூலக்கூறு வெளியேறி இணைவது) என்று எழுதியிருக்கிறீர்கள், மதிப்பெண் போனது அங்கேதான்.

அந்த எஸ்டர் பக்கத்தில் தொங்குகிறது. சங்கிலியின் முதுகெலும்பை மட்டும் விரலால் தடவிப் பாருங்கள்: கார்பன், கார்பன், கார்பன், வேறொன்றும் இல்லை. இரட்டைப் பிணைப்பு திறந்து கோத்துக்கொண்டது, அவ்வளவுதான். கோத்தகிரிக்கு ஏறும்போது குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் பறிமுதல் செய்கிறார்களே, அந்தத் தண்ணீர் பாட்டில் பெட் (PET) என்ற பாலியெஸ்டர் வகை. அதில் எஸ்டர் முதுகெலும்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதுதான் குறுக்கம்.

சந்தேகம் வந்தால் மூலக்கூறு நிறையைக் கூட்டிப் பாருங்கள். எனக்கு இதைவிட நம்பகமான வழி தெரியாது.

1. அக்ரிலிக்கின் மூலப்பொருளான மெத்தில் மெத்தாக்ரிலேட் 100, சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் அலகும் 100. எதுவும் வெளியேறவில்லை.

2. பெட்டின் மூலப்பொருள்களான டெரிதாலிக் அமிலம் 166, எத்திலீன் கிளைக்கால் 62, மொத்தம் 228. பெட் அலகு 192 மட்டுமே. குறையும் 36, இரண்டு நீர் மூலக்கூறுகள்.

ஒரு எச்சரிக்கை: நைலான் 6-இல் இந்தக் கணக்கு ஏமாற்றும். அதன் மூலப்பொருளான கேப்ரோலாக்டம் 113, அலகும் 113, ஆனால் அமைடு தொகுதி (–CONH–) முதுகெலும்பில் இருக்கிறது. கேப்ரோலாக்டத்தின் வளையம் திறந்து சேர்வதால் எதுவும் வெளியேறுவதில்லை. தேர்வில் அதை நைலான் 6,6 போலப் பாலியமைடு என்றே எழுதுங்கள்.