‘அஸ்தீனியா’ என்றால் ஆஸ்துமாவா, டாக்டர்?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. தாராவியில் இருக்கிறோம். மழைக்காலக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. காய்ச்சல் இல்லை, ஆனால் எழுந்து நடக்கவே தெம்பில்லை என்கிறார். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘அஸ்தீனியா’ என்று போட்டிருக்கிறது. அது ஆஸ்துமாதான் என்று சொல்லி, பக்கத்து வீட்டுக்காரர் தன் இன்ஹேலரைக் கொடுத்திருக்கிறார். அம்மாவுக்குக் கொடுக்கலாமா? ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றலாமா?

பதில்: முதலில் அந்த இன்ஹேலரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆஸ்துமா மூச்சுக்குழாய் சுருங்குகிற நோய். அஸ்தீனியா வேறு. இரண்டும் கிரேக்கச் சொற்கள், உறவு அவ்வளவுதான். ‘ஸ்தெனோஸ்’ என்றால் பலம். முன்னால் நிற்கும் ‘அ’, நம் நீதி அநீதி ஆவதைப் போல, இல்லை என்று மறுக்கிறது. ஆக, பலமின்மை. மும்பையில் நாம் தினமும் சொல்கிற கம்ஜோரிதான். அம்மா சொன்னதையே டாக்டர் கிரேக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். எங்கள் ஆட்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

வைரஸ் காய்ச்சல் விட்ட பிறகு சில வாரம் இப்படி இருப்பது சகஜம். இருந்தாலும் இந்த வயதில் சும்மா விடக்கூடாது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொல்லிப் பாருங்கள். எழுகிறார், ஆனால் களைத்துப்போகிறார் என்றால் ரத்தம், சர்க்கரை, தைராய்டு, பி12 பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் சோகை. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியானால் சோடியம், பொட்டாசியமும் பாருங்கள். எழவே முடியவில்லை என்றால் தசையிலோ நரம்பிலோ கோளாறு இருக்கலாம், நேரில் காட்டுங்கள். ஒரு பக்கக் கை கால் திடீரென்று துவண்டாலோ, வாய் கோணினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

குளுக்கோஸ் வேண்டாம். வழக்கமாக ஏற்றும் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, மீதி தண்ணீர். வாயால் சாப்பிட முடிகிறவருக்கு முட்டை, பருப்பு, தயிர் கொடுங்கள். படுத்தே கிடந்தால் தசை இன்னும் கரையும். காலையும் மாலையும் வீட்டுக்குள்ளாவது கொஞ்சம் நடக்க வையுங்கள்.

அப்புறம், சீட்டில் எழுதியிருப்பது ‘மயஸ்தீனியா’ இல்லையே என்று ஒருமுறை எழுத்துக்கூட்டிப் பாருங்கள். அது நிஜமாகவே ஒரு நோயின் பெயர். சாயங்காலமானால் இமை தொங்கும், பார்ப்பது இரண்டாகத் தெரியும், மென்று விழுங்கச் சிரமப்படும். இதில் ஒன்று இருந்தாலும் நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.