காத்திருக்கும் நேரத்துக்கு யார் கூலி தருவது?

கேள்வி: டெலிவரி ஊழியர்களைத்தான் புதிய தொழிலாளர் சட்டத்தில் சேர்த்துவிட்டார்களே, இன்னும் ஏன் போராடுகிறார்கள்? விரும்பிய நேரத்தில் செய்கிற வேலைதானே?
– வாசகர், ஈரோடு

பதில்: 2025 நவம்பர் 21இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் மட்டும்தான் கிக் தொழிலாளருக்கு, அதாவது டெலிவரி ஊழியர்களைப் போல நிரந்தரப் பணியின்றி வேலைக்கு வேலை கூலி பெறுவோருக்கு, இடம் கிடைத்திருக்கிறது. செயலி வழியே வேலை வாங்கும் நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை அவர்களது நலநிதிக்குத் தர வேண்டும். வரவேற்க வேண்டிய ஏற்பாடு.

ஆனால் அதே சட்டம், முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே உழைப்பவர்கள் என்று அவர்களை வரையறுத்துவிட்டது. குறைந்தபட்ச ஊதியமும் வேலை நேர வரம்பும் மிகைநேர ஊதியமும் அந்த உறவுக்கு உள்ளே இருப்பவர்களுக்குத்தான். எந்த ஆர்டர், எவ்வளவு தொகை, எத்தனை நிமிடம் என்பதையெல்லாம் நிறுவனத்தின் செயலி முடிவு செய்கிறது; ஊழியரின் செயலிக் கணக்கை (ஐடி) முடக்கிப் பிழைப்பையே நிறுத்தவும் அதனால் முடியும். இவ்வளவு அதிகாரத்தையும் கையில் வைத்துக்கொண்டு 'நான் முதலாளி இல்லை' என்று சொல்பவரைச் சட்டம் ஏன் நம்ப வேண்டும்?

பிரிட்டன் உச்ச நீதிமன்றம் நம்பவில்லை. ஊபர் ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்துடன் கூடிய விடுப்பும் உண்டு என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. செயலியைத் திறந்துவைத்துச் சவாரிக்குத் தயாராகக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரம்தான் என்றது. நம் ஊரில் டெலிவரி ஊழியர் ஹோட்டல் வாசலில் பார்சலுக்காக வெயிலில் நிற்கிறாரே, அந்த அரை மணி நேரத்துக்கு ஒரு பைசா உண்டா?

விரும்பிய நேரத்தில் செய்யும் வேலைதானே என்கிறீர்கள். எப்போது வேலைக்கு வருவது என்பது அவர் விருப்பமாகவே இருக்கட்டும். வந்த பிறகு கிடைக்கும் கூலிக்கு ஓர் அடிமட்டம் வேண்டாமா? நியூயார்க் நகரம் 2023இல் உணவு டெலிவரி ஊழியர்களுக்கு மணிக்கு 17.96 டாலர் என்று குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்தது. காத்திருப்பு நேரத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்தது. கூலியை நிர்ணயித்தபோது அங்கேயும் இது விரும்பிய நேரத்தில் செய்யும் வேலையாகத்தான் இருந்தது.

தமிழ்நாடு 2023இல் கிக் தொழிலாளருக்கு நலவாரியம் அமைத்தது. கர்நாடகமோ 2025இல் தனிச் சட்டமே இயற்றி, ஒருவரை நீக்குவதற்கு எழுத்தில் காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் வேண்டும் என்று விதித்திருக்கிறது. நமக்கும் அப்படியொரு சட்டம் வேண்டும். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து, மணிக்கு இத்தனை ரூபாய் என்ற குறைந்தபட்சக் கூலி அதில் எழுதப்பட வேண்டும்.