கறி இல்லாத நாளுக்குக் கம்பு அடை: வாசகர் கேள்வி – பதில்

புரட்டாசி நெருங்குவதால், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். கறிக்குப் பதிலாக என்ன செய்வது? அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்க அசைவம் கிடையாது. பையன்கள் இரண்டாவது வாரமே முகத்தைத் தூக்கிக்கொள்கிறார்கள். மீல்மேக்கர் போட்டால் தொடுவதே இல்லை. சிறுதானியத்தில் வாய்க்கு நிறைவாக ஏதாவது செய்ய முடியுமா? (தேனி வாசகி)

தாராளமாக முடியும். கறியில் பையன்கள் எதைத் தேடுகிறார்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள். சோம்பு, பட்டை, பூண்டு, சின்ன வெங்காயம் வதங்கும் மசாலா வாசனை, மேலே சிவந்து முறுகின இடம், அப்புறம் மென்று தின்ன ஏதாவது. இந்த மூன்றையும் தானியத்தில் கொண்டுவரலாம், ஆனால் மாவை நைசாக அரைத்துவிட்டால் மெல்லுவதற்கு ஒன்றுமே இருக்காது, வெறும் தோசைதான் மிஞ்சும்.

கம்பு 200 கிராம் எடுத்து ராத்திரியே ஊறவையுங்கள். காலையில் தண்ணீரை வடித்து மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி ரவை பதத்துக்கு உடைத்து, ஒன்றரை டம்ளர் தண்ணீரில் உப்புப் போட்டு கெட்டிக் களியாகக் கிண்டி ஆறவிடுங்கள், நன்றாக ஆறணும். மூன்று மணி நேரம் ஊறிய கடலைப்பருப்பு 100 கிராமை, ஒரு பிடி பருப்பை முழுசாக எடுத்து வைத்துவிட்டு, காய்ந்த மிளகாய், சோம்பு, இஞ்சி, பூண்டு, ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு சேர்த்து தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரையுங்கள். களி, அரைத்த பருப்பு, எடுத்து வைத்த முழுப் பருப்பு, கறிவேப்பிலை, மல்லித்தழை எல்லாம் சேர்த்துப் பிசைந்து, கடைசியில் மூன்று ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு. கோலா உருண்டைக்குப் பிடிப்புக் கொடுப்பது இதுதானே, இங்கேயும் அதே வேலையைச் செய்யும்.

இருபது நிமிடம் விட்டுவிட்டு, நறுக்கின சின்ன வெங்காயம் ஒரு கை நிறையச் சேர்த்து, விரல் தடிமனுக்குத் தட்டி, காய்ந்த தோசைக்கல்லில் போட்டு சுற்றி எண்ணெய் விடுங்கள். முதலில் மூடி போட்டு மிதமான தீயில் நாலைந்து நிமிடம். உள்ளே பருப்பு வேகணும் இல்லையா. திருப்பின பிறகு மூடியை எடுத்துவிடுங்கள். மூடி இருந்தால் ஆவி மறுபடி மேலேயே இறங்கி, முறுகவே முறுகாது. ஓரம் அடர்ந்த பழுப்பாகி, கரண்டியால் தட்டினால் லேசாகச் சத்தம் வரும், அப்போது எடுக்கலாம். நான் நல்லெண்ணெய்தான் விடுவேன், கம்புக்கு அதுதான் பொருத்தம்.

நான் செய்தால் திருப்பும்போது உடைந்துவிடுகிறது. முட்டை சேர்க்கக் கூடாது, அதுவும் அசைவம் என்பார் மாமியார். (திண்டுக்கல் வாசகி)

முட்டை வேண்டாம். பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம்: பருப்பை ஒட்ட வடிக்காதது, களி சூட்டோடு இருக்கும்போதே பிசைந்தது, உப்புப் போட்டபின் வெங்காயம் விட்ட நீர். அடை தட்டுவதற்குச் சற்று முன்னால்தான் வெங்காயத்தைச் சேருங்கள். இன்னொன்று, அவசரப்பட்டுத் திருப்பாதீர்கள். அடிப்பக்கம் முறுகியதும் அதுவே கல்லை விட்டுவிடும், அதுவரை கரண்டியை நுழைக்கவே வேண்டாம்.

கறிக்கு ஈடான புரதம் இதில் வருமா, சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறீர்களா? (சேலம் வாசகர்)

கணக்கைப் பார்த்துவிடலாம். 100 கிராம் கடலைப்பருப்பில் சுமார் 20 கிராம் புரதம், 200 கிராம் கம்பில் இன்னொரு 20 கிராம். மேலே சொன்ன அளவில் எட்டு அடை வரும் என்று வைத்தால் ஒன்றுக்கு 5 கிராம், மூன்று சாப்பிட்டால் 15. பச்சைக் கோழிக்கறி 100 கிராமில் சுமார் 20 இருக்கிறது. அறுபது கிலோ எடை உள்ளவருக்கு நாளைக்கு 50 கிராம் வாக்கில் தேவை என்பதால் ஒரு வேளைக்கு இது மோசமே இல்லை. புரதத்தின் அங்கங்களில் தானியத்தில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு, இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. அதனால் பருப்பை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

வைட்டமின் பி12 விஷயம் வேறு. அது தானியத்திலும் கிடையாது, பருப்பிலும் கிடையாது. ஒரு மாதம் கறியை விடுகிறவர்கள் தயிர், மோர் சேர்த்துக்கொண்டாலே போதும். ஒரேயடியாக அசைவத்தை விடுவதாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள், கூடவே டீ வேண்டாம்.

மகள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள். அங்கே கம்பு சுலபமாகக் கிடைப்பதில்லையாம், வேறு தானியத்தில் செய்யலாமா? (கோவை வாசகி)

அவள் சரியான ஊரில்தான் இருக்கிறாள்! அந்த மாநிலத்திலேயே, பவ்லாண்ட் என்ற பகுதியில், ஸ்பெல்ட் என்ற பழங்காலக் கோதுமை வகையை முற்றுவதற்கு முன்பே பச்சையாக அறுத்து, சூட்டில் உலர்த்தி 'கிரூன்கெர்ன்' என்று விற்கிறார்கள். மழையில் பயிர் போய்விடும் என்று பயந்து விவசாயிகள் ஆரம்பித்த பழக்கம் என்பார்கள், 1660-லேயே எழுத்தில் பதிவாகியிருக்கிறது. லேசான புகை வாசனை உண்டு, அதனாலேயே அந்த ஊர்க்காரர்கள் இதை வேகவைத்து, வெங்காயம் சேர்த்து, தட்டையாகத் தட்டிச் சுட்டு, கறிக்குப் பதிலாகச் சாப்பிடுகிறார்கள். பெயர் பிராட்லிங். உடைத்த ரவையாகவும் கடைகளில் கிடைக்கும். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் வைத்து வேகவிட்டு, அடுப்பை அணைத்து இருபது நிமிடம் மூடி வைத்தால் களிப் பதம் வந்துவிடும். மசாலா, பருப்பு எல்லாம் நம்மூர் கணக்குத்தான். கோதுமை வகை என்பதால், கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும் ஆகாது.

மீந்தால் என்ன செய்வது? (அதே வாசகி)

ஃபிரிட்ஜில் இரண்டு நாள் இருக்கும். துண்டு போட்டு, தேங்காய் வறுத்து அரைத்த மிளகு குழம்பில் பரிமாறுவதற்குச் சற்று முன்னால் போடுங்கள். முன்னாடியே போட்டால் ஊறிக் கரைந்துவிடும்.