குடியை ஒரேயடியாக நிறுத்தலாமா? தெரியாமல் மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. பல வருடங்களாகத் தினமும் குடிக்கிறார். இப்போது காலையிலேயே ஒரு குவார்ட்டர் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கிறது. போன கார்த்திகையில் மாலை போட்டு ஒரேயடியாக நிறுத்தினார். மூன்றாம் நாள் ராத்திரி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார். எங்களையே அடையாளம் தெரியவில்லை. சாமி குத்தம் என்றார்கள். பயந்துபோய் மறுபடி வாங்கிக் கொடுத்துவிட்டோம். இப்போது தெரிந்தவர் ஒருவர் ஒரு மாத்திரையைத் தந்து, குழம்பில் கலந்து கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. இப்படி ரகசியமாகக் கலக்கப்படுவது பெரும்பாலும் டைசல்ஃபிராம் என்ற, குடியை விட வைக்கும் மாத்திரை. மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சை வெளியேற விடாமல் இது தேக்கிவிடும். விஷயம் தெரியாமல் அவர் குடித்தால் வாந்தி, படபடப்பு வரும், ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். நல்ல மருந்துதான். ஆனால் அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர் தர வேண்டியது.

அந்த மூன்றாம் நாள் ராத்திரிக்கு வருவோம். அது சாமி குத்தம் இல்லை, குடியைத் திடீரென நிறுத்துவதால் வரும் கடுமையான மனக்குழப்பம்; டெலிரியம் ட்ரெமென்ஸ் என்பார்கள். மது மூளையை மந்தமாக்கும். அதை ஈடுகட்ட, வருடக்கணக்காக மூளை தன்னை முடுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. மது திடீரென நின்றதும் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளில் நீங்கள் பார்த்த அந்தக் குழப்பம். சிகிச்சை இல்லாவிட்டால் இதில் இறப்பவர்களும் உண்டு. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். அதனால் வீட்டில் வைத்து நிறுத்த முயலவே வேண்டாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். தினமும் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், அன்று ராத்திரி என்ன நடந்தது என்று எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மூளையின் அந்த முடுக்கத்தைத் தணிக்க குளோர்டயசெபாக்சைடு என்ற மருந்து, கல்லீரல் பழுதாகியிருந்தால் லோராசெபம் கொடுத்து, சில நாட்களில் அதன் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள். இவற்றைக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம்.

இன்னொன்று. "தெம்பில்லை, குளுக்கோஸ் ஏத்துங்க" என்று பக்கத்து கிளினிக்கில் கேட்பது நம் ஊர் வழக்கம். நாள்பட்டுக் குடிப்பவருக்குத் தயமின் என்ற வைட்டமின் பி1 வற்றிப்போயிருக்கும். அதைப் போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு, பார்வையும் நடையும் தடுமாறி, ஞாபகசக்தி நிரந்தரமாகவே போகலாம். எங்கே போனாலும் தயமின் ஊசி போட்டாயிற்றா என்று கேளுங்கள்.

நிறுத்திய பிறகும் குடிக்கும் வேட்கை மாதக்கணக்கில் இருக்கும். அதற்கு நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் ஆலோசனையும் உண்டு. குடிப்பவரின் குடும்பத்துக்கென்றே அல்-அனான் குழுக்கள் இருக்கின்றன, நீங்களும் போங்கள்.

அவரிடம், நிதானமாக இருக்கும் நேரம் பார்த்துப் பேசுங்கள். அந்த ராத்திரியை நினைத்து அவருக்கும் பயம் இருக்கும். அப்படி அவதிப்படாமல் நிறுத்த வைத்தியம் இருக்கிறது என்று சொல்லுங்கள். வர மறுத்தால் போதை மீட்பு உதவிக்கான 14446 என்ற இலவச எண்ணில் நீங்கள் மட்டுமாவது பேசுங்கள். நடுவில் அவராகவே நிறுத்திவிட்டு, வலிப்போ குழப்பமோ வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், உடனே 108-ஐ அழையுங்கள்.