லால் பகதூர் சாஸ்திரி: வாசகர் கேள்விகள்

கேள்வி: சாஸ்திரி என்பது அவருடைய சாதிப் பெயரா?

இல்லை, காசி வித்யாபீடத்தில் படித்துப் பெற்ற பட்டம். சாதியைக் காட்டுகிறது என்று 'வர்மா'வைச் சிறுவயதிலேயே உதறியவர் அவர். நம்மூர் சாஸ்திரிகளோடு சேர்த்துவிடாதீர்கள்.

கேள்வி: அரியலூர் விபத்துக்காகத்தான் பதவி விலகினாரா?

ஆமாம், ஆனால் அது இரண்டாவது கடிதம். ரயில்வே அமைச்சராக இருந்தபோது, 1956-ல் மகபூப்நகர் ரயில் விபத்து நடந்ததுமே ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. நவம்பர் 23 விடியற்காலை மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது மறுபடி எழுதினார். தவறு அவருடையது அல்ல, முன்னுதாரணமாக இருக்கட்டும் என்று சொல்லித்தான் நேரு ஏற்றார். அடுத்த ஆண்டே தேர்தலில் ஜெயித்து மீண்டும் அமைச்சரானார். இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: அவ்வளவு சாதுவான மனிதர் 1965 போரை எப்படி நடத்தினார்?

சாதுதான், கோழை அல்ல. ஆகஸ்டில் காஷ்மீருக்குள் பாகிஸ்தானின் ஊடுருவல் தொடங்கியது. அதற்குப் பதிலடியாக 28-ஆம் தேதி நம் படை, பாகிஸ்தான் வசமிருந்த ஹாஜி பீர் கணவாயைப் பிடித்தது. செப்டம்பர் 1 அன்று பாகிஸ்தான் டாங்கிகள் ஜம்முவின் சம்ப் பகுதியில் புகுந்து அக்னூரை நோக்கி வந்தன. அக்னூர் பாலம் போனால் ரஜௌரி, பூஞ்ச் பக்கம் இருந்த நம் படைகளுக்கு வழி அடைபடும். அங்கேயே மல்லுக்கு நிற்காமல், பஞ்சாபில் சர்வதேச எல்லையைத் தாண்டி லாகூர் பக்கம் போக அனுமதி கொடுத்தார் சாஸ்திரி. செப்டம்பர் 6 அன்று படை நகர்ந்ததும் அக்னூர் மீதிருந்த அழுத்தம் குறைந்தது. இந்த முடிவுதான் அவருடைய அரசியல் வாழ்க்கையின் உச்சம் என்பேன். அதற்காக முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். 23-ஆம் தேதி போர் நின்றபோது எதிராளியின் நிலம் இரு தரப்பின் கையிலும் இருந்தது.

கேள்வி: பிடித்த ஹாஜி பீரைத் தாஷ்கந்தில் ஏன் திருப்பிக் கொடுத்தார்?

சோவியத் பிரதமர் கோசிஜின் முன்னிலையில் 1966 ஜனவரி 10 அன்று கையெழுத்தான உடன்படிக்கைப்படி, இரு படைகளும் ஆகஸ்ட் 5-க்கு முந்தைய நிலைக்குத் திரும்ப வேண்டும். கணவாயை வைத்துக்கொண்டு சம்பை மட்டும் கேட்டால் யார் தருவார்கள்? ஆனாலும் உள்நாட்டில் கோபம் இருந்தது. எதிர்ப்புத் தெரிவித்து மகாவீர் தியாகி அமைச்சர் பதவியையே விட்டார்.

கேள்வி: அவர் மரணத்தில் மர்மம் உண்டா?

கையெழுத்திட்ட அன்றிரவே, நள்ளிரவு தாண்டி, தாஷ்கந்திலேயே இறந்தார். மாரடைப்பு என்றார்கள். ஏற்கெனவே இதய நோயாளி, பிரதமரான அதே மாதமே ஒருமுறை படுத்தவர். ஆகவே நம்ப முடியாத காரணம் அல்ல. ஆனால் அங்கேயும் சரி, இங்கேயும் சரி, பிரேதப் பரிசோதனை செய்யவில்லை. சந்தேகம் இன்னும் ஓயாததற்கு அதுதான் காரணம்.